முங்கிப்போன வாத்து

பெய் கோங்கின் மணிக்கட்டு மரத்துப்போயிருந்தது. சீனத்துப் பீங்கான் ஊரான ஜிங்தேஜென்னில் பாரசீகக் கப்பலுக்காகத் தட்டுத் தட்டாக வரைந்ததில், கண்ணை மூடினாலும் தாமரையும் ஜோடி வாத்தும்தான் தெரிந்தன. இந்தக் கடைசிப் பெரிய தட்டை வணிகர் ரூஸ்பே ஏற்றுக்கொண்டால் ஓய்வு. ஒதுக்கினால் மறுபடியும் வரைய வேண்டும்.

சூளையிலிருந்து தட்டு வந்தது. தாமரை நல்ல நீலம். ஆனால் வாத்து ஒன்றுதான் இருந்தது!

"இன்னொண்ணு எங்கடி? வரைஞ்சேனே!"

மனைவி யூன் தலையில் அடித்துக்கொண்டாள். "குடிக்க வச்ச டீத்தண்ணியில தூரிகைய முக்கி வரைஞ்சிருக்கீங்க. அது நெருப்புல நிக்குமா?"

நீலக் கல்லைத் தேநீர் விட்டு அரைத்துத்தான் மை செய்வார்கள். சுடும்வரை அதுவும் கறுப்புதான். அயர்ந்த கண்ணுக்கு இரண்டு கிண்ணமும் ஒன்றாகத் தெரிந்துவிட்டது.

ரூஸ்பே தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜோடி எங்கப்பா?"

பெய் வாயைத் திறக்குமுன் யூன் முந்திக்கொண்டாள். "புதுசாக் கல்யாணமான ஜோடிங்க ஐயா. பொண்ணு உங்களப் பாத்ததும் வெட்கப்பட்டுத் தண்ணிக்குள்ள முங்கிடுச்சு."

ரூஸ்பே வயிறு குலுங்கச் சிரித்தார். "பிரமாதம்! அடுத்த கப்பலுக்கும் இதே மாதிரி போட்டுக் குடுங்க!"

அவர் போனதும் பெய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "நீ சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"புலம்பாதீங்க. இனிமே தட்டுக்கு ஒரு வாத்து மிச்சம்" என்றபடி, யூன் தேநீர்க் கிண்ணத்தை அவன் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தாள்.