வேறு குடிப் பிள்ளை

சவப்பெட்டியைச் சுற்றி நின்ற பெண்களை விலக்கிக்கொண்டு போய் சீதேவிப்பிள்ளை சிறுமி வதனியின் கையை எட்டிப் பிடித்தாள். வாசற் படலையைத் திறந்துகொண்டு இராசாத்தி வருகிறாள்! செத்த வீட்டுக்குமா வருவாள்! திங்கட்கிழமை வழக்குக் கோட்டில் பார்ப்போம் என்றல்லவா சொல்லிப் போனவள்! நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள்.

இராசாத்தி, வதனியைப் பெற்றவளின் கூடப்பிறந்த அக்கா. தொண்ணூறில் ஷெல்லடிக்குப் பயந்து சனம் வாவியைக் கடந்தபோது வதனியின் தாய் கரையிலேயே செத்துப்போனாள். தகப்பனுமில்லாத ஒன்றரை வயதுக் குழந்தையைத் தன் தோணியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தவர், இன்றைக்குப் பெட்டியில் கிடக்கும் இளையதம்பி. விதவை மகள் சீதேவிப்பிள்ளையின் மடியில் கிடத்தி, "மாப்பால் கரைச்சுக் குடு புள்ள, மத்தத மறுகா பாப்பம்" என்றார். வளர்ப்புத் தாய் என்று அவளைப் பதிந்து நாலு வருடம் ஓடிவிட்டது. இந்தியாவில் அகதி முகாமிலிருந்து திரும்பிய இராசாத்தி, பிள்ளையைக் கேட்டு வழக்குப் போட்டுவிட்டாள்.

நியாயமும் அவள் பக்கம்தான். இந்த ஊர்ப்பக்கம் குடி என்கிற வம்சம் தாய்வழியில்தான் வரும்; தாயின் குடிதான் பிள்ளையின் குடி. தாய் இல்லையென்றால் தாயின் அக்காதான் தாய். சீதேவிப்பிள்ளைக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை. அந்தப் பயம் அப்பாவுக்காக அழக்கூட விடவில்லை.

"ஊரடங்குக்கு முதல் எடுக்கணும். பேரப்புள்ளைகள் பந்தம் பிடிக்க வாங்க," என்று குடிப் பெரியவர் சாமித்தம்பி கூப்பிட்டார்.

வதனி கையை உதறிக்கொண்டு முன்னால் ஓடினாள். சாமித்தம்பி மறித்தார்.

"இது வேற குடிப் புள்ள. பந்தம் பிடிக்கேலாது. ஒதுக்குங்க."

உரித்துக்காரி கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது சீதேவிப்பிள்ளை எந்த வாயால் பேசுவது?

இராசாத்தி குந்தியிருந்து வதனியின் முகத்தைப் பார்த்தாள்.

"இவர் உனக்கு ஆர், மகள்?"

"எங்கட அம்மப்பா. எனக்கு றால் உரிச்சுத் தருவார். தலைய அவர் தின்பார்."

இராசாத்தி எழும்பி, எண்ணெயில் தோய்த்து வைத்திருந்த பந்தம் ஒன்றை எடுத்துக் கொளுத்தினாள்.

"இவள்ட குடியில உரித்துள்ளவள் நான் சொல்றன். பிடிக்கட்டும்."

சாமித்தம்பி வழிவிட்டு விலகினார். பிள்ளையின் கைமேல் தன் கையை வைத்து, நெருப்புப் படாமல் பெட்டியைச் சுற்றிக் கூட்டிவந்தாள் இராசாத்தி.

பெட்டி ஒழுங்கைச் சந்தில் திரும்பி மறைந்தபிறகு இராசாத்தி சீதேவிப்பிள்ளைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, பந்தம் பிடிச்ச புள்ளைய மறுகா இந்த வீட்ட விட்டு எப்பிடிப் பிரிக்கிற? வழக்கு வேணாமெண்டு திங்கக்கிழமை சொல்லிடுறன். பள்ளிக்கூட லீவுக்கு மட்டும் என்னட்ட அனுப்புங்க."

"ஓம்."

அப்பாடா! மூன்று மாதப் பாரம் இறங்கிய அந்த நிமிடத்தில்தான், "என்ட அப்பா!" என்று சீதேவிப்பிள்ளை குரலெடுத்து அழுதாள்.

வந்த சனம் தத்தம் வீட்டில் போய்க் குளிக்கக் கிளம்பியது. செத்த வீட்டுக் கிணற்றில் துடக்கு எனும் சாவுத்தீட்டு உள்ள உறவுகள் மட்டும்தான் குளிப்பார்கள். இராசாத்தி வதனியையும் கூட்டிக்கொண்டு அந்தக் கிணற்றடியில் போய் நின்றாள்.

"குளிக்க எனக்கும் ஒரு சீலை தாங்கக்கா."

சீதேவிப்பிள்ளை கொடியில் கிடந்த தன் சீலையை உருவிக் கொடுத்துவிட்டு, வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள்.