ஹம்மாமுக்கு யாரும் வராத வாரம்

ராதெஸ் ரயில்நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு மாடி வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் வாடகைக்கு இருந்தவள் தலெந்தா. தையல் ஃபாக்டரியில் கண் மங்கும்வரை உழைத்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது, பிள்ளையும் இல்லை. சொற்ப ஓய்வூதியத்தில் யாரிடமும் கை நீட்டாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரப் பெரியவர் இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. அவர் கண்ணை மூடியதும், பிரான்சிலிருந்து வந்த மகன்கள் வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் அதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறாராம். ஒரு நாள் காலை ரொட்டி வாங்கப் போய்விட்டுத் திரும்பினால், வாசலில் புதுப் பூட்டு தொங்கியது. சாமான்கள் நடைபாதையில் கிடந்தன.

அன்றைக்கு அவள் அழவில்லை. சாமான்களைப் பக்கத்து வீட்டு ஷெட்டில் போட்டுவிட்டு, "ஸ்ஃபாக்ஸ்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்றாள். ஸ்ஃபாக்ஸ் வெகுதூரத்து ஊர். அவளுக்குத் தங்கச்சியே கிடையாது. அவளுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் ஓர் அறைகூட அந்தப் பக்கத்தில் அகப்படவில்லை. பகலெல்லாம் புறநகர் ரயிலில் கடைசி நிலையம்வரை போவதும் வருவதுமாக இருந்தாள். இரவில் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், யாரோ ஒரு நோயாளியின் உறவினள்போல நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினாள். செருப்பைத் துடைத்து, முக்காட்டை மடிப்புக் கலையாமல் கட்டியிருப்பாள். அவளைப் பார்த்து வீடற்றவள் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

ஷெத்லியாவின் கண்ணுக்கு மட்டும் அது தப்பவில்லை. ஊரார் காசு கொடுத்து நீராவியில் குளிக்கும் பழைய ஹம்மாமை அவளும் அவள் தம்பி லம்ஜெத்தும் சேர்ந்து நடத்தினார்கள். காலையில் ஆண்களுக்கு, மதியத்துக்கு மேல் பெண்களுக்கு. வாசல் மேசையில் உட்கார்ந்து வாளியும் துண்டும் எடுத்துக் கொடுக்கிற ஷெத்லியாவின் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். வாரம் ஒரு முறை வருகிற தலெந்தா இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறாள், உள்ளே துணி துவைத்து அது காயும்வரை போகாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பதைக் கவனித்துவிட்டு, ஒரு நாள் வழிமறித்தாள்.

"ஏண்டி, ஸ்ஃபாக்ஸ்ல உன் தங்கச்சி வீட்டுல தண்ணியே வர்றதில்லியா?"

"ஏன் கேக்கறே?"

"எங்க தூங்கறே, அதைச் சொல்லு முதல்ல."

"உனக்கென்ன அதைப்பத்தி?"

"சரி, சண்டைதானே போடணும்? உள்ள வா. சூப்பு சூடா இருக்கு. சாப்பிட்டுட்டு தெம்பாப் போடு."

சண்டை நடக்கவில்லை. இரண்டு வாய் குடித்ததுமே தலெந்தா கரண்டியைக் கீழே வைத்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து ஷெத்லியா வீட்டு நடுக்கூடத்து சோஃபாவில் படுக்கை. சின்ன வீடு, மகனும், நிறைமாதமாக இருந்த மருமகளும் அதற்குள்தான். தலெந்தா விடிவதற்கு முன்பே எழுந்து, போர்வையை மடித்து, தான் இருந்த சுவடே தெரியாமல் செய்துவிடுவாள். மதியத்துக்கு மேல் ஹம்மாமில் துண்டு மடித்து, எடுத்துக் கொடுத்து உதவுவாள். ஹம்மாமுக்கு மேலே ஓர் அறை இருந்தது. விறகு எரித்த காலத்தில் அடுப்புப் பார்த்தவர் தங்கியது. இப்போது ஓட்டை வாளிகளுக்கு வீடு. அதை இவளுக்குக் கொடுக்கலாம் என்று ஷெத்லியா தம்பியிடம் கேட்டாள்.

"அக்கா, அந்த ரூமை டைல்ஸ் கடைக்காரனுக்குத் தர்றதா வாக்குக் கொடுத்துட்டேன். இது ஹம்மாம், தர்ம சத்திரம் இல்ல" என்றான் லம்ஜெத்.

சுவருக்கு அந்தப் பக்கம் துண்டு மடித்துக்கொண்டிருந்த தலெந்தாவின் காதில் அது விழுந்தது.

மறுநாள் மதியம் பெண்கள் நேரம் தொடங்கியது. ஒருத்தியும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கால் வைக்க இடமில்லாமல் போகும் வியாழக்கிழமையன்றும் உள்ளே ஆவிதான் சுற்றிக்கொண்டிருந்தது. வாரம் தவறாமல் வருகிற வசீலா தன் மகளின் கல்யாணத்துக்கு முந்தைய மணப்பெண் குளியலுக்காகக் கூடத்தைச் சொல்லி வைத்திருந்தாள். அதையும் வேண்டாம் என்று ஆளனுப்பிவிட்டாள். லம்ஜெத் குறுக்கும் நெடுக்குமாக நடந்து ஃபோனில் யாரிடமோ கத்தினான். ஷெத்லியாவோ பூசணி விதையைக் கொறித்தபடி, "மழை வரும்போல, அதான் யாரும் காணோம்" என்றாள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

தலெந்தாவுக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்ததாக நினைத்தாள். ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கியவள் கையால் துண்டு வாங்க யாருக்குத்தான் மனசு வரும்? சோறு போட்டவள் பிழைப்பில் மண் விழுவதைப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்க அவளால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை, ஷெத்லியா தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலடிக்கு நடந்தாள்.

பிளாட்பாரத்தில் வசீலா நின்றிருந்தாள். இரண்டு கையிலும் கல்யாணப் பைகள்.

"அக்கா, பெட்டியோட எங்க கிளம்பிட்டீங்க?"

தலெந்தா தரையைப் பார்த்தாள். "நான் போயிட்டா நீங்கள்லாம் பழையபடி குளிக்க வரலாம்ல. என்னால ஷெத்லியா பிழைப்பு கெட்டுப் போகக்கூடாது."

வசீலா ஒரு கணம் திகைத்தாள். பிறகு பைகளைக் கீழே போட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"அட, என் பைத்தியக்கார அக்காவே! உங்களுக்காகத்தான் நாங்க உடம்பைச் சொறிஞ்சுக்கிட்டுத் திரியறோம்! லம்ஜெத் அந்த ரூமைத் தர்றவரைக்கும் ஒருத்தியும் அந்த வாசப்படி மிதிக்கறதில்லன்னு பேச்சு. வீட்டுக் குழாயில குளிச்சா அழுக்கா போகுது? எங்க மாமியார் முதுகு அரிக்குதுன்னு சீப்பை வெச்சுச் சொறியறாங்க."

"ஷெத்லியாவுக்குத் தெரியுமா?"

"ஆரம்பிச்சு வெச்சதே அந்த மகராசிதான். உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டா. தெரிஞ்சா வேண்டாம்பீங்களாம்."

"எனக்காகவா? பாதிப் பேருக்கு என் பேருகூடத் தெரியாதேம்மா."

"பேரு எதுக்கு? எத்தனை வருஷமா என் முதுகை நீங்க தேச்சிருக்கீங்க, உங்க முதுகை நான் தேச்சிருக்கேன். முதுகு தெரிஞ்சாப் போதாதா? இந்தாங்க, இந்தப் பையைப் பிடிங்க. நீங்க ரயிலேறிட்டா நாங்க பட்ட அரிப்பெல்லாம் வீணாப் போயிடும்."

ரயில் வந்தது, நின்றது, போனது. தலெந்தா கல்யாணப் பையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, புதுப் பூட்டைப் பார்த்த அன்று வராத அழுகையை எல்லாம் அழுது தீர்த்தாள். வசீலா மற்றப் பைகளை ஓரமாக நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் லம்ஜெத் வெள்ளைக்கொடி காட்டினான்.

"ஊர்ப் பொம்பளைங்களைச் சமாளிச்சிடலாம். என் பொண்டாட்டியே அந்தக் கட்சியில சேந்துட்டா. ரெண்டு நாளா வீட்டுல அடுப்பு பத்தலை" என்று முணுமுணுத்தபடி, ஓட்டை வாளிகளைத் தானே மாடியிலிருந்து இறக்கினான். பாதிப் படியில் நின்று, தலெந்தாவின் முகத்தைப் பார்க்காமல், "ஜன்னல் கதவு இறுக்கமா இருக்கு அக்கா. நாளைக்குச் சரி பண்ணித் தர்றேன்" என்றான். சும்மா தங்க மாட்டேன் என்று தலெந்தா பிடிவாதம் பிடித்ததால் சின்னதாக ஒரு வாடகை பேசி முடித்தார்கள். டைல்ஸ் கடைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

சாமான்கள் வந்து குவிந்தன. ஒருத்தி கட்டில் கொண்டுவந்தாள், ஒருத்தி திரைச்சீலை. கூஸ்கூஸ் அவிக்கிற பாத்திரம் மட்டும் நாலு வந்து சேர்ந்தது. தலையணை கொண்டுவர ஒருத்திக்கும் தோன்றவில்லை. முதல் ராத்திரி கம்பளிச் சட்டையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தாள். உள்ளிருந்து தானே தாழ் போட்ட கதவு. விடியும்முன் எழ வேண்டியதில்லை என்பதே அவளுக்கு வெயில் ஏறி முகத்தில் அடித்தபோதுதான் உறைத்தது.

மணப்பெண் குளியல் அமர்க்களப்பட்டது. காணாமல் போயிருந்த ஊரே உள்ளே இருந்தது. குலவைச் சத்தத்தில் ஆவிகூட அதிர்ந்தது. வசீலா திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டினாள். தேய்த்துக்கொண்டே தலெந்தா அவள் காதருகே குனிந்து, நாலு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"என்னக்கா? ஒண்ணும் கேக்கல!" என்று கத்தினாள் வசீலா. "இடது பக்கம் இன்னும் கொஞ்சம் அழுத்துங்க!"

தலெந்தா அழுத்தித் தேய்த்தாள்.

குளிர்காலத்தில் அந்த அறை சொர்க்கம். கோடை வந்ததும்தான் கீழே கொப்பரை கொதிப்பது தெரிந்தது. ஜூலையில் ஒரு மதியம், தலெந்தா வேர்த்து விறுவிறுத்துப் படியிறங்கி வந்து வாசல் மேசை முன்னால் நின்றாள்.

"ஷெத்லியா! நீ எனக்குக் கொடுத்தது ரூமா, ரொட்டி சுடற அடுப்பா? மனுஷி இருப்பாளா அதுல? உன் தம்பிகிட்டச் சொல்லி ஒரு ஃபேனாவது மாட்டச் சொல்லு!"

உள்ளே இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். இத்தனை மாதத்தில் அவள் ஒரு குறை சொல்லிக்கூட யாரும் கேட்டதில்லை. ஷெத்லியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள், கண்ணெல்லாம் சிரிப்பு.

"டேய் லம்ஜெத்!" மூன்று தெருவுக்குக் கேட்டது. "சீக்கிரம் வாடா! மாடி வீட்டுக்காரம்மா சண்டைக்கு வந்திருக்காங்க!"