நானூற்றுப் பத்து வாங்கிய வீடு

முப்பது டப்பாக்கள் வைத்திருந்த நூர்பானு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெருவைச் சுற்றிவிட்டு இருபத்தொன்பதோடு வீடு திரும்பினாள். குறைந்த அந்த ஒன்றும் அவள் கிளம்பும்போது தன் படுக்கையறையில் வைத்துவிட்டுப் போனதுதான். ஒருத்தரும் வாங்கவில்லை.

அவள் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். மலையடிவார ஊர்களில் வீட்டுக்குள் ரேடான் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கும் வேலையைக் கல்லூரி அவளிடம் கொடுத்திருந்தது. மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் கசிகிற வாயு அது. நிறம் கிடையாது, வாசம் கிடையாது. காற்றோட்டம் இருந்தால் கலைந்து போய்விடும். அடைத்துப் பூட்டிய அறையில் சேர்ந்துகொண்டே இருக்கும். அதை வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வர இடமுண்டு. டப்பாவுக்குள் ஒரு துண்டு ஃபிலிம் இருக்கும். மூன்று மாதம் படுக்கையறையில் அசையாமல் வைத்திருந்தால் போதும், அதில் விழுந்த புள்ளிகளை எண்ணி அளவு சொல்லிவிடலாம்.

இதைத்தான் வீடு வீடாகச் சொன்னாள். புற்றுநோய் என்ற வார்த்தை வந்ததும் பாதி வீடுகளில் கதவு சாத்திக்கொண்டது. ஒருவர் டப்பாவுக்குள் கேமரா இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு அம்மாள், இதை வைத்தால் அந்த வாயு நம் வீட்டைத் தேடி வந்துவிடாதா என்று கேட்டாள். தெருக்கோடி வீட்டு ஆராவமுதன் சார் உள்ளேயே விடவில்லை. அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தரையிலிருந்து படிக்கட்டு வரை கிரானைட் பதித்த வீடு. குரங்கு வரும், தூசி வரும், ஏசிக் குளிர்ச்சி போய்விடும் என்று ஜன்னல்களை எல்லாம் அடைத்தே வைத்திருந்தார். கொசுகூட நுழைய முடியாத வீட்டில் கெட்ட காற்று எப்படி நுழையும் என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டைக்கூட நூர்பானு சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை எழுந்தபோது அவளுக்கு ஒரு குறும்பு தோன்றியிருந்தது.

தெருமுனையில் மாடத்தியின் இஸ்திரி வண்டி நிற்கும். அந்தத் தெருவின் துணிகள் எல்லாம் அவள் கைக்கு வரும். துணியோடு சேதியும் வரும். நூர்பானு இரண்டு சேலைகளைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ரேடான் டப்பா இருபத்தொன்பதே வீட்டுக்குத்தான் கிடைக்கும், கேட்கிற எல்லாருக்கும் கொடுக்க முடியாது, ஆகவே யாரிடமும் மூச்சு விட வேண்டாம் என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை. இருந்ததே இருபத்தொன்பதுதான்.

"நான் எதுக்கு டீச்சர் சொல்லப்போறேன்?" என்றாள் மாடத்தி.

சாயங்காலம் நூர்பானு பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் வாசலில் பதினோரு பேர் நின்றார்கள். புதன்கிழமைக்குள் மூன்றே டப்பாக்கள் மிச்சம். அன்று மாலை ஆராவமுதன் சாரே மடிப்புக் கலையாத சட்டையில் வந்தார். தெருவுக்கு நல்லது என்றால் தாம் எப்போதும் முன்னால் நிற்பவர் என்று சொல்லி ஒன்றை வாங்கிப் போனார்.

மூன்று மாதம் கழித்து எல்லாவற்றையும் திரும்ப வாங்கினாள். ஒரு வீட்டில் டப்பாவுக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். எண்ணி முடித்து, ஒவ்வொரு வீட்டு அளவையும் ஒரு விளக்கத் தாளோடு உறையில் போட்டுக் கொடுத்தாள். பெரும்பாலும் நூறுக்குக் கீழேதான். ஐந்தாறு வீடுகள் நூறைத் தாண்டியிருந்தன. ஆராவமுதன் சார் வீடு மட்டும் நானூற்றுப் பத்து.

நேரில் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தவளைப் பரீட்சை வேலை இரண்டு நாள் கல்லூரியிலேயே பிடித்து வைத்துவிட்டது. இங்கே விளக்கத் தாளை யாரும் படிக்கவில்லை. எண்ணை மட்டும் பார்த்தார்கள். அவள் திரும்பி வந்தபோது, தெருவிலேயே தம் வீடுதான் முதல் என்று ஆராவமுதன் சார் இஸ்திரி வண்டிப் பக்கம் நின்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வாங்கிய எதிர்வீட்டுக்காரர் முகம் செத்துப்போய், மறுபடி திருத்திப் பார்க்க வழி உண்டா என்று நூர்பானுவிடம் கேட்டார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு சாரை அவர் வீட்டுக்கே அழைத்துப் போனாள். உட்காரவைத்து, இது மார்க் இல்லை, நூறைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று பதமாகச் சொன்னாள். அவர் எழுந்து போய் சுத்தியல் எடுத்துவந்து, துருவேறிய கொண்டிகளைத் தட்டித் தட்டிக் கூடத்து ஜன்னல்களையும் படுக்கையறை ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். பார்க்கவே அவளுக்குப் பாவமாக இருந்தது.

காபி வாங்க அடுக்களைக்குப் போனபோது சாரின் மனைவி ஜயலக்ஷ்மி மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். டப்பா படுக்கையறையில் ஒரு நாள்தான் இருந்ததாம். மறுநாளே மாமி அதை எடுத்து, மாடிப்படிக்கு அடியில் தரை விரிசல் விட்டுக்கிடக்கிற ஸ்டோர் ரூமில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாளாம். சேகரிக்க வருகிற அன்று காலையில்தான் திரும்பக் கொண்டுவந்து வைத்தாளாம்.

"பதினோரு வருஷமா ஜன்னலைத் தொறங்கோன்னு சொல்றேன். பொண்டாட்டி சொன்னா கேக்கலை. நம்பர் சொன்னா கேப்பார்னு நேக்குத் தெரியும்."

நூர்பானுவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இந்த அளவைக் கணக்கில் சேர்க்க முடியாது மாமி என்றாள்.

"ஏன், அந்த ரூம்ல இருந்ததும் எங்காத்துக் காத்துதானே?" என்றாள் மாமி.

நூர்பானு காபியோடு கூடத்துக்கு வந்தாள். மறைத்தாலும் தப்பு, மாமியைக் காட்டிக்கொடுத்தாலும் தப்பு. டப்பா இடம் மாறி ஸ்டோர் ரூமில் இருந்திருக்கிறது, இது அந்த அறையின் அளவு, படுக்கையறையை மறுபடி அளக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். யார் மாற்றியது என்று சார் கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கேட்கவில்லை. மறுபடி அளக்கும்போது ஜன்னல் திறந்திருக்கலாமா என்றுதான் கேட்டார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"உங்க வழக்கம் எதுவோ அப்படியே வைங்க சார்," என்றாள் நூர்பானு. அதுதான் முறை, வேறு சொல்ல அவளால் முடியாது.

மலைப்பக்கத்துக் காற்று கூடத்தில் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைச் சற்றுப் பார்த்தார். "அப்போ இன்னிலேர்ந்து இதுதான் வழக்கம்," என்றார்.

அந்த வாரமே ஜன்னல்களுக்குக் குரங்கு நுழையாமல் கம்பி வலை அடித்தார்கள். ஸ்டோர் ரூம் தரை விரிசலைச் சிமெண்ட் வைத்துப் பூசினார்கள். மூன்று மாதம் கழித்துப் படுக்கையறை ஐம்பத்து நாலு காட்டியது. பத்தொன்பதாவது இடத்துக்கு இறங்கிவிட்டோமே என்று சார் குறைப்பட்டுக்கொண்டாலும், அதற்குப் பிறகு நூர்பானு எந்த ஊருக்கு டப்பா கொண்டுபோனாலும் அவர் கூடவே வந்தார். எங்கள் வீட்டில் நானூற்றுப் பத்து என்று அவர் ஆரம்பித்தால் கூட்டம் அப்படியே வாய் மூடிக் கேட்கும். அது ஸ்டோர் ரூம் அளவு என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நூர்பானு எழுந்து சொல்வாள். அதற்குள் டப்பாவுக்குக் கை நீண்டிருக்கும்.

வன்னியம்பட்டிக்குப் போகிற பஸ்ஸில் ஒரு நாள் அவளே கேட்டுவிட்டாள், டப்பா எப்படி இடம் மாறியது என்று அவருக்குத் தோன்றவே இல்லையா என்று.

"அந்த ஸ்டோர் ரூம்ல கரப்பான் இருக்குன்னு உள்ளே எட்டிப் பாக்காதவ, அந்த மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு தரம் போயிட்டு வந்தா. இது தெரியாதா டீச்சர்? ஆனா நீங்க அவகிட்ட சொல்லிடாதேங்கோ. மாடியில ரெண்டு ஜன்னல் இன்னும் தொறக்கலை. அதுக்கு என்ன பண்றான்னு பாக்கணும்."

நூர்பானு பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். வன்னியம்பட்டி நிறுத்தம் வந்ததும் அவர் முந்திக்கொண்டு டப்பாப் பையைத் தோளில் மாட்டியபடி இறங்கினார்.