தோள்மேல் கிடந்த கை

கணினித் திரையில் இருந்த போட்டோவில், அப்பாவின் தோளில் கிடந்த சித்தப்பாவின் கையைச் சுற்றி இளையவள் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அப்பா அடுத்த அறையில் கிடந்தார். விடியும்போது மூச்சு நின்றது. தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும்.

"அந்த ஆளோட விரல் நகம்கூடத் தெரியக்கூடாது," என்றாள் அம்மா, பின்னால் நின்று.

"தெரியாதும்மா."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். சிரிப்புக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். போட்டோ என்றாலே அடையாள அட்டைக்கு நிற்பதுபோல விறைத்துக்கொள்வார். அவர் வாய்விட்டுச் சிரிக்கும் படம் இது ஒன்றுதான், அதிலும் பக்கத்தில் தம்பி. இருவரும் சேர்ந்து நடத்திய கடையிலிருந்து பாதி வாடிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு தம்பி தனியாகப் போனதிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை. சொல்லப்போனால் அந்தக் கோபத்தை அப்பாவைவிட அம்மாதான் விடாப்பிடியாக வைத்திருந்தாள்.

போனிலேயே நறுக்கலாம். ஆனால் அதில் சதுரமாகத்தான் வரும், கையை எடுத்தால் தோளும் போய்விடும். இளையவள் கட்டட வரைபடம் போடுகிறவள். ஆபீஸ் மென்பொருளில் படத்தை இணைத்து, அதன்மேல் வளைத்து வளைத்து எல்லை போட்டால் வெளியே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. தோளில் கொஞ்சம் பள்ளம் விழும். கறுப்புச் சட்டைக்குக் கறுப்புப் பின்னணி வைத்தால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

"போயிட்டானா?"

"மறைச்சிருக்கேன். இதுல அழிக்க முடியாதும்மா, மறைக்கத்தான் முடியும்."

"ஏதோ ஒண்ணு."

அக்கா வாசலிலிருந்து வந்து தணிந்த குரலில் சொன்னாள். "சித்தப்பா வந்திருக்கார். கேட்டுக்கு வெளியவே நிக்கிறார்."

"நிக்கட்டும்," என்றாள் அம்மா.

அவசரத்தில் இளையவள் வரைபடக் கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பிரின்ட் கடைக்கு ஓடினாள். அந்த மென்பொருளில் போட்டோ வரைபடத்துக்குள் இருப்பதில்லை. அது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வரைபடம் நினைவில் வைத்திருக்கும். போட்டோவைக் கூடவே கொண்டுபோக வேண்டும். கடைக்காரர் திறந்து காட்டியபோது திரையில் ஒரு வெற்றுக் கட்டமும் பொடி எழுத்தில் அவள் வீட்டுக் கணினியில் போட்டோ இருக்கும் முகவரியும்தான் இருந்தன. ஆபீஸில் புதிதாகச் சேர்கிறவர்களை இதே தப்புக்கு அவள் வறுத்தெடுப்பாள். தலையில் அடித்துக்கொண்டு போட்டோவைப் போனிலிருந்து அனுப்பிவிட்டு, பூ வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது படம் சட்டத்துக்குள் ஏறியிருந்தது. முழுப் படம். அப்பா, சித்தப்பா, தோள்மேல் கை, எல்லாம்.

"உங்க கட்டத்துக்குள்ள போட்டோ சேரவே மாட்டேங்குது மேடம். அதான் நீங்க அனுப்பினத அப்படியே போட்டுட்டேன்," என்றார் கடைக்காரர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேற போடவா? கொஞ்ச நேரம்தான்," என்றார்.

அவள் படத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"வேணாம். நேரமில்ல."

நேரம் இருந்தது.

கேட்டருகே சித்தப்பா அதே இடத்தில் நின்றார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"அண்ணன் கடைசியா ஏதாவது சொன்னானாம்மா?"

"இல்ல சித்தப்பா." பொய் சொல்லியிருக்கலாம் என்று உள்ளே போன பிறகுதான் தோன்றியது.

சட்டத்தைச் சுற்றியிருந்த காகிதத்தை அம்மா பிரித்தாள். இளையவள் வசவுக்குத் தயாராக நின்றாள். அம்மாவின் விரல் சித்தப்பாவிடம் போகவில்லை. கீழே இறங்கி, இருவரின் காலடியில் நின்றது. அங்கே தரையில் ஒரு நிழல், இரண்டு முழங்கைகளையும் தூக்கியபடி. முகத்தையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த இளையவள் படத்தில் அந்தப் பக்கம் போனதே இல்லை.

"இது நான்," என்றாள் அம்மா.

"நீயா எடுத்த?"

"கேமராவத் தலைகீழாப் பிடிச்சிருந்தேன். அதுக்குத்தான் ரெண்டு பேரும் அந்தச் சிரிப்பு."

சட்டத்தைத் தலைமாட்டில் சாய்த்து வைத்தாள். சரியாக நிற்கிறதா என்று அசைத்துப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"தம்பி எப்ப வந்துச்சு?"

"காலையிலயே."

அம்மா பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.