நரி விரட்ட வந்த ஜீப்

என் கொழுந்தன் நவநீதனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வேலூரில் கம்பி வலை ஒரு சுருள் வாங்கி, உன் ஜீப்பில் போட்டுக்கொண்டு வா என்றேன். எங்கள் நிலம் இருக்கிற கொல்லைக்குப் பாலாற்று மணலைத் தாண்டித்தான் வர வேண்டும். டெம்போக்காரர்கள் யாரும் வண்டியை மணலில் இறக்கச் சம்மதிப்பதில்லை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி எங்கள் குடும்பத்தில் அவனிடம் மட்டும்தான் இருக்கிறது.

சனிக்கிழமை சாயந்திரம் வந்தான். ஜீப்பின் தலையில் புதிதாக நாலு விளக்கு மாட்டியிருந்தான். லாரி ஹாரன் ஒன்று வைத்திருந்தான். பக்கத்து சீட்டில் அவனுடைய ஆம்பூர் தோஸ்த் சத்தார் உட்கார்ந்திருந்தான். வலையைத் தவிர மற்ற எல்லாம் வந்திருந்தது.

"வலை எங்கப்பா?"

"வலை இன்னாத்துக்கு அண்ணி? நரி வந்தாத்தான வலை? நரியே இந்தப் பக்கம் வராம பண்ணிட்டா?"

எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. ஒரே மாதத்தில் என் ஆட்டுக்குட்டிகளில் இரண்டை நரி தூக்கிவிட்டது. என் வீட்டுக்காரர் மதியழகன் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னொண்ண நரி தூக்கிச்சின்னா அத்தனையும் கே.வி.குப்பம் சந்தைக்கு ஓட்டிடுவேன். நீ பழையபடி கம்பெனிக்கே போ."

கம்பெனி என்றால் ஷூ கம்பெனி. ஒன்பது வருஷம் அங்கே மேல்தோல் தைத்தேன். கழுத்து போனது, பசை நாற்றத்தில் தலைவலி வந்தது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாத்ரூமுக்கு எழுந்தால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பான், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எதற்கு எழுந்தாய் என்று ஆடுகள் என்னைக் கேட்பதில்லை. ஆடு விற்றுப்போனால் நான் திரும்பவும் அந்த மெஷின் முன்னால் உட்கார வேண்டும். இது நவநீதனுக்கும் தெரியும்.

"நரியக் கொன்னா கேஸு ஆயிடும். நாம வெரட்டத்தான போறோம். ரெண்டு நாள் வெரட்டு வெரட்டுன்னு வெரட்டினா, ஆத்தத் தாண்டி ஓடிடும். நீங்க ஏறுங்க அண்ணி, எடத்தக் காட்டுங்க."

ஏறினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த ஜீப் கிளம்பின சத்தம் விரிஞ்சிபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். நரிக்குக் காது இல்லையா? ஏரிக்கரைப் புதரைக் காட்டினேன், அங்கே ஒன்றும் இல்லை. சீமைக்கருவேல மரங்களுக்குள் விட்டான், முள் என் முழங்கையைக் கிழித்ததுதான் மிச்சம். கடைசியில் இரண்டு நரிகளைப் பார்த்தோம். ஒரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, யார் வீட்டு விசேஷம் என்று கேட்பது போல எங்களைப் பார்த்தன. நவநீதன் வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் அவை இந்தப் பக்கம் வந்து நின்றன. திரும்பி வந்தால் அந்தப் பக்கம் போய்விட்டன.

"கிட்ட வந்துட்டோம் அண்ணி," என்றான்.

கிட்ட வந்தது ஆற்று மணல்தான். நாலு சக்கரமும் இழுக்கிற அந்த வண்டி, நாலு சக்கரத்தோடும் புதைந்தது. சத்தாரும் நானும் தள்ளினோம். ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு "இன்னும், இன்னும்" என்றான் மகராசன். வெளியே வந்த வேகத்தில், பக்கத்துக் கொல்லை பச்சையப்பனுடைய கத்தரித் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயின் மேல் ஏற்றினான். பச்சையப்பன் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நவநீதன் வெள்ளைச் சட்டை போட்ட விருந்தாளி. திட்டு முழுக்க எனக்குத்தான் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தான். இன்றைக்காவது வலை இருக்குமா என்று பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒரு கோணி கிடந்தது. அதன் நாற்றம் மூக்கில் ஏறியது. ஆம்பூரில் இருந்துவிட்ட யாருக்கும் அந்த நாற்றம் மறக்காது. தோல் பதனிடுகிற ஷாப்பில் பச்சைத் தோலின் ஓரத்தை வெட்டிப் போடுவார்களே, அந்தத் துண்டுகள். காதும் வாலும் கொழுப்புமாக ஒரு கோணி நிறைய.

"இத எதுக்குத் தூக்கினு வந்த?"

"நாம நரியத் தேடினு போனா ஓடுது. அதையே நம்ம எடத்துக்கு வர வெச்சா? இங்கதான் வண்டி திரும்பறதுக்கு எடம் இருக்குது."

அவன் காட்டிய இடம் என் ஆட்டுப்பட்டிக்கு எதிரே இருந்த வெட்டவெளி.

"நவநீதா, இந்த வாடைக்கு நரி மட்டுமா வரும்? ஆத்துல திரியற நாயெல்லாம் வந்துடும். வேணாம்."

"நானும் சொன்னேன் அக்கா, கேக்க மாட்டேங்கறான்," என்றான் சத்தார்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார். "அவன் இன்னா சின்னக் கொழந்தையா? ஏதோ செய்யறான், விடேன்." தம்பி ஜீப் வாங்கிய நாளில் இருந்து அவருக்குத் தம்பி சொல்வதெல்லாம் சரிதான். கோணியைக் கொட்டினார்கள்.

ஆடுகளை நேரத்தோடு பட்டியில் அடைத்தேன். முள் வெட்டிப் போட்ட வேலிதான், வேறென்ன இருக்கிறது? செவலை ஆட்டை உள்பக்கமாகக் கட்டினேன். அதற்குத் தலைச்சினை, இன்றோ நாளையோ என்று இருந்தது. அது கயிறு பழகாதது, கட்டினால் கத்தும். பாவமாக இருக்கவே அவிழ்த்துவிட்டேன்.

பொழுது சாயும்போது முதலில் நாய்கள் வந்தன. ஒன்று, இரண்டு, அப்புறம் கூட்டமாக வந்து அந்தக் குவியலில் விழுந்து பிடுங்கிக்கொண்டன. நரிகள் தூரத்திலேயே நின்றுவிட்டன. அவற்றுக்கு இருந்த அறிவு எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் இல்லை.

"நாய உடுங்க. அதோ நரி," என்று நவநீதன் ஜீப்பைக் கிளப்பினான். நாலு விளக்கும் எரிந்தது, லாரி ஹாரன் அலறியது. பட்டிக்குள் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தின. மிரண்ட நரிகளில் ஒன்று வேலியை ஒட்டி ஓடியது. அதன் பின்னாலேயே இவன் வண்டியை ஒடித்தான். மணலில் ஜீப்பின் பின்பக்கம் வழுக்கி, முள்வேலியை ஒரு ஆள் நீளத்துக்கு இழுத்துப் போட்டது. அந்த வழியாக என் ஆடுகள் அத்தனையும் ஆற்றுக்குள் ஓடின.

"பா... பா... பா..." என்று தொண்டை வறளும்வரை கூப்பிட்டேன். என் குரல் கேட்டு ஒவ்வொன்றாக வந்தன. வீட்டுக்காரரும் செல்போன் வெளிச்சத்தில் தேடினார். எல்லாம் வந்தன, செவலையைக் காணோம். சத்தார்தான் அதைக் கண்டுபிடித்தான். தோல் துண்டு கொட்டிய இடத்தில் இருந்து கொஞ்ச தூரத்தில், நாய்களைக் கல்லால் அடித்து விரட்டிவிட்டு நின்றான். கிட்டே போன என்னை, "பாக்காதீங்க அக்கா," என்றான்.

பார்த்தேன். வயிற்றைக் கிழித்திருந்தன. உள்ளே இரண்டு குட்டி இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கட்டியே வைத்திருக்கலாமே என்று என்மேலும் ஆத்திரம், வேண்டாம் என்று சொன்னதை ஒரு ஆள் காதில் வாங்கவில்லையே என்று அவர்கள் மேலும் ஆத்திரம்.

வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "சரி எழுந்திரு. நாளைக்குச் சந்தைதான். அத்தனையும் ஓட்டிடலாம்."

"நானே ஜீப்புல ஏத்தினு போறேன் அண்ணா," என்றான் நவநீதன். உதவி செய்கிற குரல்தான் அது. "டெம்போ தேட வேணாம்."

எழுந்தேன். "நரி தூக்கினா விக்கலாம்னுதான சொன்னீங்க? இத நரி தூக்கலியே. உங்க தம்பி தூக்கினான். நரி இன்னிக்கு என் பட்டிக்குள்ள காலே வெக்கல. எதுக்கு நான் ஆட்ட விக்கணும்?"



நவநீதனிடம் திரும்பினேன். "வண்டிய எடு. வேலி ஒடஞ்ச எடத்துல குறுக்க நிறுத்து." நிறுத்தினான். "இன்னும் ஒட்டி. கீழ சந்து தெரியுது, முள்ள இழுத்து அடை." சத்தாரே முள்ளை இழுத்து அடைத்தான். நான் ஜீப்புக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"வலை வந்து, கல்லு நட்டு, வேலி கட்டி முடியற வரைக்கும் இது இங்கதான் நிக்கும்."

"அண்ணி, எனக்குக் காலையில டூட்டி. எதுல போறது?"

"பஸ்ஸு இருக்குது."

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் ஆற்றைப் பார்த்தார். நவநீதனும் சத்தாரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து போனார்கள். வழியெல்லாம் சத்தார் அவனை ஏதோ திட்டிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது.

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு செவலைக்குக் குழி வெட்ட ஆரம்பித்தேன். நாலு வெட்டுக்கு மேல் முடியவில்லை. வீட்டுக்காரர் வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். முழங்கால் ஆழம் வந்ததும் நிறுத்தி, போதுமா என்பது போலப் பார்த்தார்.

"பத்தாது," என்றேன். "நாய் தோண்டிடும். இன்னும் ஆழமா வெட்டுங்க."

வெட்டினார்.