எலிகளுக்குக் கண் தெரிகிறது

"வியாழன் கிரகத்தைச் சுத்தி இன்னும் ரெண்டு நிலா கண்டுபிடிச்சிருக்காங்களாம்."

"ஏன், ஏற்கெனவே இருக்கிறது போதலையாமா அதுக்கு?"

"அட, நிஜமாத்தான். பேப்பர்ல போட்டிருக்கான்."

"சரி, அதனால நமக்கு என்ன?"

"நமக்கு ஒண்ணுமில்லை. கேக்க நல்லா இருக்குல்ல?"

"நல்லாத்தான் இருக்கு. குழாய் ஒழுகுதுன்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களான்னு கேட்டா நிலாவைக் காட்டுறீங்க பாருங்க, அது இன்னும் நல்லா இருக்கு. தினம் இந்த மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

கல்யாணமான புதிதில், ஒற்றை அறை வாடகை வீட்டில் நடந்த பேச்சு இது. அந்தக் குழாயைச் சரிசெய்யாமலேயே அவர்கள் வீடு மாறிவிட்டார்கள். மகள் பிறந்து, வளர்ந்து, வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்டாள். செய்தி மட்டும் நிற்கவில்லை. மாலையில் வேலை முடிந்து வந்ததும், சமையலறை வாசலில் இருக்கும் கொக்கியில் பையை மாட்டிவிட்டு, கதவில் சாய்ந்தபடி அன்றைய செய்தியை அவர் சொல்வார். அவள் கைவேலையை நிறுத்தாமல் கேட்பாள். முடித்ததும், "சரி, அதனால நமக்கு என்ன?" என்பாள். "நமக்கு ஒண்ணுமில்லை" என்பார் அவர். அதற்குப் பிறகுதான் தேநீர் வரும்.

அவருக்கு ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பெயருக்குத்தான் தொழில்நுட்பம், பாதி நாள் மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்து, யார் காலோ இடறிப் பிடுங்கிவிட்ட வயரை மாட்டிக்கொண்டிருப்பார். யார் கூப்பிட்டாலும் முதலில், "ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க" என்பார். பெரும்பாலான கோளாறுகள் அதிலேயே தீர்ந்துவிடும். மிச்ச நேரத்தில் ஃபோனில் விஞ்ஞானச் செய்தி படித்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். கம்ப்யூட்டர் கவிதை எழுதுகிறது என்று செய்தி வந்தால், "எழுதட்டும், எங்க ஆபீஸ் பிரிண்டர் அதை அச்சடிக்குதான்னு பாப்போம்" என்று எழுதுவார். கருந்துளையைப் படம் பிடித்துவிட்டார்கள் என்று உலகமே கொண்டாடியபோது, "என் பாஸ்போர்ட் போட்டோவும் இப்படித்தான் இருக்கு, எனக்கு யாரும் கை தட்டலை" என்று எழுதினார். ஆபீசில் அவர் பெயரே 'அப்டேட்' என்றாகிவிட்டது. அவர் தலை தெரிந்தால் போதும், "அப்டேட் வந்துட்டாரு, எல்லாரும் சேவ் பண்ணிக்கோங்க" என்று கணக்குப் பிரிவில் கிண்டல் தொடங்கிவிடும்.

அவளுக்கு ஒரு பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை. சுவரிலிருந்து உதிர்ந்த சில்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, "இதே கலர் வேணும்" என்று நீட்டுவார்கள். அவள் அதை வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். துளி கறுப்பு, அரைத் துளி மஞ்சள். பூசி முடித்த பிறகு பழசு எது, புதுசு எது என்று பூசினவருக்கே தெரியாது. அப்படிப்பட்டவள் ஒருநாள், சாம்பல் நிறம் கேட்ட ஒருவருக்குப் பச்சை கலந்து கொடுத்துவிட்டாள். பாதிச் சுவர் அடித்த பிறகு அந்த ஆள் தூரிகையும் கையுமாக ஓடி வந்துவிட்டார். கடை முதலாளி நல்ல மனிதர், சிரித்து மழுப்பினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே நிற்கிறவர்களின் முகத்தில் மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடம் வெகு நாட்களாகவே கலங்கித் தெரிந்ததை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கண் டாக்டர் திரையில் படம் காட்டி விளக்கினார். விழித்திரையின் நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது. பிறக்கும்போதே உடம்போடு வந்தது, இப்போதுதான் தலை காட்டுகிறது. ஓரப் பார்வை ரொம்ப நாள் தாங்கும். நடுவில் போனது போனதுதான். "இப்போதைக்கு இதுக்கு மருந்து இல்லைம்மா. நல்ல வெளிச்சம், பூதக்கண்ணாடி, பழக்கம். அவ்வளவுதான்."

இத்தனை சொல்லியும், கூடப் போயிருந்த கணவர் காதில் விழுந்தது 'இப்போதைக்கு' என்ற ஒரு சொல் மட்டும்தான்.

அன்று மாலையிலிருந்து செய்தி மாறிப்போனது.

"கேட்டியா, குருட்டு எலிக்குக் கண்ணு தெரியுதாம்! ஊசியில ஏதோ மரபணுவை ஏத்தியிருக்காங்க. இன்னும் கொஞ்ச வருஷத்துல மனுஷங்களுக்கு வந்துடும்."

மறுநாள் வேறொரு எலி. அதற்கடுத்த நாள் முயல். நிலாக்கள் போயின, கருந்துளைகள் போயின, மடக்குகிற ஃபோன்கள் போயின. மற்ற செய்திகளின் கீழே ஒரு வரி எழுதக்கூட அவருக்குக் கை வரவில்லை. கண், கண், கண்தான். வழக்கம்போல, "சரி, அதனால நமக்கு..." என்று அவள் ஒருநாள் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

மகள் ஃபோனில் கிண்டலடிப்பாள். "அப்பா, நீங்க சொல்ற கணக்குக்கு உலகத்துல இருக்கிற எலிக்கெல்லாம் இப்ப கண்ணு பளிச்சுனு தெரியுது."

"ஆமாடி, பூனைங்க பாடுதான் திண்டாட்டம்" என்பாள் அவள். மூன்று பேரும் சிரிப்பார்கள். ஃபோனை வைத்ததும் சிரிப்பும் கூடவே அணைந்துவிடும்.

டாக்டருக்கும் அவர் விடாமல் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் டாக்டரே கூப்பிட்டார். "சார், நீங்க அனுப்புறதை எல்லாம் நானும் படிக்கிறேன். அது இருக்கட்டும், உங்க வீட்டம்மா எப்படி இருக்காங்க? அதைச் சொல்லுங்க." ஃபோனை வைத்தவுடன் இன்னொரு செய்தியை அனுப்பிவைத்தார்.

ஒரு மாலை, அவளே வாய் திறந்து கேட்டாள். "ஏங்க, வியாழனுக்கு இப்போ மொத்தம் எத்தனை நிலா ஆச்சு?"

"அது கிடக்குது விடு. இதைக் கேளு. பன்னிக் கண்ணுல சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சிப் வெச்சு..."

அவள் தொட்டிப் பக்கம் திரும்பிக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது என்று நினைத்து அவர் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒரு பேசும் பெட்டியையும் அவரே செய்தார். சமையலறை வாசலை ஒட்டிய அலமாரியில் ஒரு சின்ன ஸ்பீக்கர், அதன் மேல் ஒரு கேமரா. அவள் டப்பாவை எடுத்துக் காட்டினால், "உப்பு" என்று சொல்லும். "சர்க்கரை. மூடி சரியாக மூடவில்லை" என்றும் சொல்லும். முதலில் அது ஒரு பெண் குரலில்தான் பேசியது.

"யாருங்க இந்தப் பொம்பளை, என் அடுப்படியில நின்னு எனக்கே குறை சொல்றா?"

அதுவும் நியாயம்தானே என்று அவர் தன் குரலையே அதற்குக் கொடுக்கத் தீர்மானித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, வெளிச்சத்தம் விழாமலிருக்கப் போர்வைக்குள் உட்கார்ந்து, வேர்த்து விறுவிறுக்க வாக்கியம் வாக்கியமாகப் படித்துப் பதிவு செய்தார். குரல் அச்சு அசலாக வந்தது. அந்தக் குஷியில் இன்னொரு வேலையும் செய்தார். தேநீர் நேரத்துக்குள் அவர் வீடு வந்து சேராவிட்டால், அன்றைய செய்தியைப் பெட்டியே தேடிப் படித்துவிடும்.

"இனிமே நான் லேட்டானாலும் செய்தி லேட்டாகாது" என்றார் பெருமையாக.

"செய்தி சரி. நீங்க?" என்றாள்.

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று அவர் சிரித்துவிட்டுப் போனார்.

ஒரு வியாழக்கிழமை கணக்குப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு ஸ்கிரீனில் ஏதோ கோளாறு. போய்ப் பார்த்தால், நடுவில் கறுப்பாக ஒரு திட்டு. சுற்றிலும் ஓரமெல்லாம் பளிச்சென்று இருந்தது. ஆஃப் செய்து ஆன் செய்தார். திட்டு அப்படியே இருந்தது. வயரைக் கழற்றி மாட்டினார். மறுபடி ஆஃப், மறுபடி ஆன். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஓரங்களில் தெரிந்த எழுத்தை மட்டும் வைத்து அந்தப் பக்கத்தைப் படிக்கப் பார்த்தார். ஒரு வரியின் தலை தெரிந்தது, வால் தெரிந்தது. நடுவில் என்ன என்று பிடிபடவில்லை.

"அப்டேட் சார், விடுங்க. வேற ஸ்கிரீன் மாத்திக்கலாம்" என்றார் கணக்கர்.

"மாத்திக்கலாம்" என்றார் அவர். எழுந்திருக்க முடியவில்லை. எல்லோரும் கிளம்பிப் போன பிறகும், கழற்றின ஸ்கிரீனை மடியில் வைத்துக்கொண்டு சாமான் அறையில் உட்கார்ந்திருந்தார். தேநீர் நேரம் தாண்டிவிட்டது என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

வீட்டுக் கதவைத் திறந்து, குனிந்து ஷூவைக் கழற்றும்போது சமையலறையிலிருந்து அவர் குரலே அவருக்குக் கேட்டது. "...குரங்குகளிடம் நடந்த முதற்கட்டச் சோதனை நம்பிக்கை அளிப்பதாக ஆராய்ச்சியாளர்கள் தெரிவித்துள்ளனர்." குரல் ஓய்ந்தது. பிறகு அவள் பேசினாள். தாழ்ந்த குரல், நிறுத்தி நிறுத்தி வந்தது. ஒரு வார்த்தையும் அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் அந்தத் தொனியில் அவள் பேசி அவர் கேட்டதே இல்லை. ஒரு கால் ஷூவோடு அப்படியே நின்றார்.

அவள் பேசி முடித்தாள். அவருடைய குரல் பதில் சொன்னது: "மன்னிக்கவும். எனக்குப் புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்."

அவர் ஓடிப் போய் எட்டிப் பார்த்தார். காலையில் வானம் தெளிவாக இருந்ததால் அவர் விட்டுவிட்டுப் போன மழைக்கோட்டு, வாசல் கொக்கியில் ஆள் உயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதன் எதிரே நின்றிருந்தாள். அதன் வெற்றுக் கையை ஈரக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஓரப் பார்வையில் அவர் அசைவது தெரிந்திருக்க வேண்டும். கோட்டின் கையை மெல்ல விட்டாள்.

"வந்துட்டீங்களா" என்றாள். "கோட்டுகிட்ட குடும்பம் நடத்திட்டு இருக்கேன் பாருங்க. நீங்கதான் வந்து நிக்கிறீங்கன்னு..." சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதி வழியிலேயே உடைந்துவிட்டது.

"அதுகிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லை. அதுக்குத்தான் புரியலையாமே."

"எனக்குப் புரியும். சொல்லும்மா."

"இத்தனை மாசமா சேத்து வெச்சதுங்க. ஒரு தடவை சொல்லத்தான் தைரியம் இருந்துது. அதைக் கோட்டுக்குச் செலவு பண்ணிட்டேன்." தட்டைத் துடைப்பதுபோல் ஏதோ செய்தாள். தட்டு ஏற்கெனவே துடைத்ததுதான். "அதான் அந்தப் பெட்டி எல்லாத்தையும் பதிஞ்சு வெச்சிருக்குமே. போட்டுக் கேட்டுக்கோங்க."

அவள் சொன்னது சரிதான். பாக்கெட்டில் இருக்கும் ஃபோனை எடுத்து ஒரு தட்டுத் தட்டினால், அவள் சொன்னதெல்லாம் அவள் குரலிலேயே கேட்கும். அவர் கை பாக்கெட் வரை போயும்விட்டது. ஃபோனை எடுத்தார். அதை அலமாரியில் குப்புறக் கவிழ்த்து வைத்தார். பிறகு எட்டி, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். அதன் நெற்றியில் இருந்த நீலப் பொட்டு அணைந்தது. வாழ்நாள் முழுக்க ஊருக்கெல்லாம் சொன்னதில் பாதியைச் செய்தாகிவிட்டது. இனி எதை ஆன் செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கொக்கியிலிருந்து கோட்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, பழையபடி கதவில் சாய்ந்து நின்றார்.

"இன்னைக்குச் செய்தி ஒண்ணுமில்லை" என்றார். "ஆபீஸ்ல ஒரு ஸ்கிரீன் போயிடுச்சு. நடுவுல மட்டும். என்னென்னவோ பண்ணிப் பாத்தேன். அப்புறம் ஓரத்தை வெச்சே படிச்சுப் பாத்தேன்."

"படிக்க முடிஞ்சுதா?"

"முடியலை."

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"சரி, அதனால நமக்கு என்ன?"

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தக் கேள்வி வந்திருந்தது. அதற்குரிய பதில் அவர் நாக்கு நுனியில் எப்போதும் தயாராக இருப்பதுதான். வாயைத் திறந்தார். 'நமக்கு ஒண்ணு' என்பதோடு குரல் நின்றுவிட்டது. கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். முகத்தை லேசாகப் பக்கவாட்டில் திருப்பினாள். இப்போதெல்லாம் அவள் அவரை அப்படித்தான் பார்க்க முடியும், வேறு யாரையோ பார்ப்பதுபோல. கோட்டின் கையைப் பிடித்திருந்த அதே கையால் அவர் கையைத் தேடிப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, இந்த முறை உள்ளே ஆள் இருப்பதை உறுதி செய்துகொண்டாள்.

"எலி, முயல், குரங்கு எல்லாம் போதுங்க. எனக்குக் கண்ணு திரும்பி வராதுன்னு ஒரே ஒரு தடவை உங்க வாயால சொல்லுங்க. அது தெரிஞ்ச ஆளு இந்த வீட்டுல நான் ஒருத்திதான் இருக்கேன். தனியா இருக்க முடியலைங்க."