கதவுக்கு வெளியே அரைக் கிளாஸ்

சண்முகலிங்கம் குடிப்பதில்லை. அதாவது, மகனுக்கு முன்னால் குடிப்பதில்லை. ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் அவர்கள் இருந்த கட்டடத்தின் நிலக்கீழ் பார்க்கிங்கில், காரின் டிக்கிக்குள், ஸ்பெயார் டயருக்குப் பக்கத்தில் ஒரு பிராண்டிப் போத்தல் நிரந்தரக் குடியுரிமையோடு வாழ்ந்தது. மகன் பிரியந்தன் அதைப் பதின்மூன்று வயதிலேயே கண்டுவிட்டான். அவன் கண்டதைத் தகப்பனும் கண்டுவிட்டார். அன்றிலிருந்து இருபது வருடம் இருவரும் ஒன்றையும் காணாதவர்கள்.

பிரியந்தன் வளர்ந்து, டவுன்டவுனில் ஓர் இத்தாலியன் ரெஸ்ரோரன்டில், சாப்பாட்டுக்கு எந்த வைன் பொருந்தும் என்று சொல்லிக் கொடுக்கிற வேலைக்குப் போனான். தாய் பேபி சொந்தக்காரருக்கு "தம்பி கொம்பியூட்டர்" என்றுதான் சொல்லி வைத்திருந்தாள்.

இப்போது சண்முகலிங்கத்துக்குக் கணையத்தில் புற்றுநோய். வீட்டுக்கு வந்துபோகும் நேர்ஸ், இனி அவர் விரும்பியதைக் கொடுக்கலாம், தடை ஒன்றும் இல்லை என்றாள். அது நல்ல செய்தி இல்லை என்பது மூவருக்கும் விளங்கியது.

பிரியந்தனுக்கு ஒரே ஒரு ஆசைதான். தகப்பனோடு இருந்து ஒரு கிளாஸ், ஒரே ஒரு தரம். மத்தியானம் ஒரு போத்தலைக் கொண்டுவந்து கட்டிலருகே இருந்தான்.

"அப்பா, இது இத்தாலியில செய்த வைன். ஆனா திராட்சைக் கொடி பிரான்சுக் கொடி, போர்டோப் பக்கத்து இனம். வெளியூர்க் கொடியெண்டு கனகாலம் இதைச் சும்மா மேசை வைன், ஆகக் கீழ்த்தரம் எண்டுதான் பதிஞ்சு வைச்சவங்கள். இண்டைக்கு உலகமே கியூவில நிக்குது."

"பேப்பர் சரியில்லையெண்டால் ஆருக்கும் உதுதான்" என்றார், ஊரில் சர்வேயராக இருந்து, ஸ்காபரோவில் இருபத்தாறு வருடம் சோபாவுக்குத் துணி அடித்த சண்முகலிங்கம்.

"ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோவன்."

"நான் உதுகள் தொடுறேல்லைத் தம்பி. உனக்குத் தெரியும்தானே."

"ஓம் அப்பா. தெரியும்."

குசினியில் அவன் வைனை அகன்ற கண்ணாடிக் குடுவைக்குள் ஊற்றினான்.

"உந்தப் பூச்சாடிக்கை என்னத்துக்கு ஊத்துறாய்?" என்றாள் பேபி.

"அதுக்குக் காத்துப்பட வேணும் அம்மா."

"மனுசன் மூச்சுக்குத் தவிக்குது, உதுக்குக் காத்தோ?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீ நிண்டால் அவர் குடிக்கமாட்டார். வேலைக்குப் போறன் எண்டு சொல்லு."

"அவரோட இருந்து குடிக்கத்தானே அம்மா கொண்டந்தனான்."

"இவ்வளவு காலமும் காப்பாத்தின மரியாதை. போற நேரத்தில அதைப் பறியாதை, ராசா."

பிரியந்தன் தகப்பனிடம் வேலைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டான். வாசல் கதவைத் திறந்து, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி அடித்துச் சாத்தினான். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அரைக் கிளாஸ் வைனோடு அறைக்கதவின் மறைவில் வந்து நின்றான். முப்பத்துமூன்று வயதில் சொந்த வீட்டில் கள்ளனாவதற்கும் ஒரு பயிற்சி வேண்டியிருந்தது.

"போயிட்டானோ?" உள்ளே தகப்பனின் குரல்.

"போயிட்டான். இந்தாங்கோ."

உள்ளே ஒரு மிடறு இறங்குகிற சத்தம். வெளியே இவனும் ஒரு மிடறு விழுங்கினான்.

"புளிக்குது" என்றார் சண்முகலிங்கம். கொஞ்சம் பொறுத்து, "இஞ்சேரும், புதுச் செருப்பு மணம் ஒண்டு வருது. செருப்புக் கடைக்குள்ள போன மாதிரி."

இந்த வைனின் தோல் மணம். ஒன்பது வருடமாகப் பிரியந்தன் மேசை மேசையாகச் சொல்லிக் கொடுத்த மணம். ஒரு வாடிக்கையாளர்கூட அதைத் தானாகக் கண்டுபிடித்ததில்லை. ஓம் அப்பா, அதேதான் என்று உள்ளே ஓடிப்போய்ச் சொல்லக் கால் எழும்பியது. எழும்பிய காலை மெல்லக் கீழே வைத்தான்.

"அவன் நிண்டிருந்தால், இண்டைக்கு ஒரு நாளைக்கு, அவனையும் கூப்பிட்டிருக்கலாம் என்ன?"

பேபி கதவைப் பார்த்தாள். கதவிடுக்கில் பிரியந்தன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. இப்போது உள்ளே போனால், தகப்பன் குடித்ததை மகன் ஒளிந்து நின்று பார்த்ததாக ஆகிவிடும்.

"நாளைக்குக் கூப்பிடுவம்" என்றாள்.

"ஓம். நாளைக்கு."

மறுநாள் பிரியந்தன் லீவு போட்டுவிட்டு, காலையிலேயே இரண்டு கிளாஸோடு வந்து இருந்தான். சண்முகலிங்கத்துக்குத் தண்ணீரும் இறங்கவில்லை. கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. நேர்ஸ் உதட்டை நனைக்க விட்டுப்போன பஞ்சுக் குச்சியை வைனில் தோய்த்து, தகப்பனின் உதட்டில் ஒற்றினான்.

பிறகு தன் கிளாஸை எடுத்தான். குடிக்கும்போது, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான்.